வெள்ளைக் குச்சிகள்

"இது கள்ள விளையாட்டு. நான் விடமாட்டன்" என்றார் கமலாம்பிகை.

அவர் கையில் ஒரு மூங்கில் குச்சி. பார்பிகியூவுக்கு வாங்கியது. அதன் தலையில் வெள்ளை டிஷ்யூ சுற்றியிருந்தது.

ஈஸ்டர் விடுமுறைக்கு மோர்டனிலிருந்து நாலு குடும்பங்கள் லண்டன் ஓரத்துக் கேரவன் பார்க் ஒன்றுக்கு வந்திருந்தன. பிள்ளைகளுக்குப் புதையல் வேட்டை வைப்பது வருடா வருடம் கமலாம்பிகையின் பொறுப்பு. கேரவன்களுக்குப் பின்னால் இருந்த சிறு காட்டில், சொக்லேட் போட்ட தகர டப்பாக்களை முதல்நாள் மாலையே ஒளித்து வைத்திருந்தார்.

காலையில் போய்ப் பார்த்தால், டப்பாக்களுக்குப் போகும் வழி நெடுக வெள்ளைக் குச்சிகள்.

"ஆர் நட்டது?"

"நான்தான் அக்கா. விடியவே எழும்பிப் போனனான்" என்றார் இராஜேந்திரன். கமலாம்பிகை வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர். கிளிநொச்சியிலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

"மகள் வெல்லவேணும் எண்டு வழி காட்டினீரோ?"

பக்கத்தில் இராஜேந்திரனின் எட்டு வயது மகள் தனுஷியா, சப்பாத்து மாட்டித் தயாராக நின்றாள். அவர் அவளைப் பார்த்தார்.

"வாயைத் திறவுமன்."

இராஜேந்திரன் காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப சரி. தனுஷியா இந்த முறை ஆட்டத்தில இல்லை. மற்றப் பிள்ளையளுக்கும் நியாயம் வேணுமெல்லோ."

"எனக்குத் தெரியாது அன்ரி" என்றாள் தனுஷியா. அழவில்லை. குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

குச்சிகளைப் பிடுங்கி வரச் சொல்லிக் கணவரை அனுப்பினார் கமலாம்பிகை. ஸ்ரீஸ்கந்தராஜா வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"இஞ்சாரும், நீர் ஒண்டும் ஒளிக்காத பக்கமும் குச்சி நிக்குது. வேலிக்கரை வரைக்கும். மனுசன் முழுக்காட்டையும் நடந்திருக்கிறான்."

கமலாம்பிகை கொஞ்சம் யோசித்தார். இராஜேந்திரனைக் கேரவனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"இப்ப பிள்ளை இல்லை. சொல்லும்."

"ஊரில எனக்குக் கண்ணிவெடி எடுக்கிற வேலை, அக்கா. முகமாலைப் பக்கம். பார்த்து முடிச்ச நிலத்தில வெள்ளைத் தடி நடுவம். அந்தப் பக்கத்தால நடக்கலாம் எண்டு அர்த்தம்."

"தம்பி, இது லண்டன்."

"தெரியும் அக்கா. ஆனா, பிள்ளையள் பத்தைக்குள்ள இறங்கித் தகர டப்பா தேடப்போகுதுகள் எண்டு நீங்கள் சொன்னாப் பிறகு எனக்கு நித்திரை வரேல்லை."

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"மகள் நிண்டவள். அவளுக்குக் காடு எண்டா இன்னும் விளையாட்டுத்தான். அது அப்பிடியே இருக்கட்டும்."

கமலாம்பிகை கையிலிருந்த குச்சியைக் கொண்டுபோய், பிடுங்கிய குழியிலேயே திரும்ப ஊன்றினார். டிஷ்யூவைச் சரிசெய்தார். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

"தனுஷியா, சப்பாத்தைப் போடம்மா. எல்லாரும் கேளுங்கோ. இந்த வருசம் புது ரூல். தனுஷியாவின்ர அப்பா கஷ்டப்பட்டு வழி போட்டு வைச்சிருக்கிறார்."

விசிலை வாயருகே கொண்டுபோனவர், நிறுத்திச் சொன்னார்:

"வெள்ளைக் குச்சியை விட்டு விலகிற பிள்ளை ஆட்டத்தில இல்லை."