இறக்குகூலி

ஆடிட்டர் ஆபீஸ் வேலைக்கு வைத்த பரீட்சையில் பேச்சியம்மாள் செய்தது ஒரே தப்புதான். கடைக்குள் மூட்டை இறக்கிய கூலியையும், விற்ற மூட்டையை லாரியில் ஏற்றிய கூலியையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டாள்.

"பி.காம் முடிச்சிட்டு இதுகூடவா தெரியலம்மா?" என்றார் ஆடிட்டர்.

"எங்கப்பா லோடுமேன் சார். அவருக்கு ரெண்டும் ஒரே பாரம்தான்."

ஆடிட்டர் சிரிக்கவில்லை. "ஏத்துற கூலி வெறும் செலவு, போச்சு. இறக்குற கூலி சரக்கோட விலையில சேர்ந்துடும். விக்கிறவரைக்கும் அதுக்குள்ளயே இருக்கும். அடிச்சுத் திருத்து, வேலை உனக்குத்தான்."

மூன்று வருஷம் மனப்பாடம் செய்த விதிதான். ஜன்னல் வழியே பார்த்தாள். அப்பா வேலை பார்க்கும் எதிர் மண்டியில் அரிசி மூட்டைகள் கூரை முட்ட நின்றன. எல்லாம் அப்பா இறக்கியவை. அத்தனைக்குள்ளும் அவர் இருந்தார். தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள்.

அப்போது விற்ற மூட்டைகளை எடுக்க லாரி வந்தது. முதல் மூட்டையை ஏற்ற அப்பா முதுகைக் கொடுத்தார். விதிப்படி இது வெறும் செலவு, போச்சு. அடிக்க எடுத்த பேனா தாளில் இறங்கவில்லை.