புகை எந்தப் பக்கம்?

"என்ஜின் நின்னு போச்சுன்னு வெச்சுக்குங்க மேடம். எங்க இறக்குவீங்க?"

கேட்டுக்கொண்டே பரீட்சை அதிகாரி குமரகுரு லீவரைப் பின்னுக்கு இழுத்தார். சின்ன விமானத்தின் இரைச்சல் அடங்கியது. கீழே புதுச்சத்திரத்தைச் சுற்றிக் குச்சிக்கிழங்குக் காடுகளும் கோழிப்பண்ணைகளும்.

ஜெபமலருக்கு இது வாழ்வா சாவா பரீட்சை. காதோர முடி நரைக்கும்வரை விமானம் ஓட்டியவள். போன மாதம் இதே விமானத்தை, "என்ஜின் இருமுது" என்று பாதி வழியில் திருப்பிக் கொண்டுவந்தாள். பிரித்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. அம்மணிக்குப் பயம் வந்துவிட்டது என்று கம்பெனியே சிரித்தது. இன்று குமரகுரு 'பாஸ்' என்றால்தான் இனி வானம். இல்லையென்றால் ஆபீஸ் நாற்காலி.

முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் கீழே பார்த்தாள்.

"அந்த வெள்ளைக் களம் இருக்குதுங்களே, நல்ல சிமென்ட்டுத் தரை?" அவர் ஆழம் பார்த்தார்.

"ஜவ்வரிசி காயுதுங்க சார். ஆளுங்க கிளறிக்கிட்டு இருப்பாங்க. ரோட்டுல லாரி. அதா, கடலை புடுங்குன காடு. கரண்டு கம்பி வடக்கோரமாப் போகுது. அங்கதானுங்க."

வழக்கமாகத் தரை நெருங்கும்போது அதிகாரி லீவரை முன்னே தள்ளி, "போதும், ஏத்துங்க" என்பார். குமரகுரு லீவரில் வைத்த கையை எடுக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. நெற்றியில் மட்டும் வியர்வை.

"சார், ஜவ்வரிசி ஆலைப் புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துக்கிட்டே வாங்க. மாறுனாச் சொல்லுங்க."

"கி... கிழக்கால போகுதுங்க."

"இப்ப?"

"கிழக்காலதானுங்க மேடம்!"

விமானம் காற்றுக்கு எதிராக மேற்குப் பார்த்து இறங்கி, செம்மண்ணில் தடதடவென்று ஓடி, வரப்புக்கு முன்னால் நின்றது. ஒரு கீறல் இல்லை.

குமரகுருவுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "மேடம், பாதியிலயே லீவரைத் தள்ளிப் பாத்தேன். வேகம் ஏறவேயில்லைங்க. என்ஜின் நெசமாலுமே போயிருச்சு! சொன்னா நீங்க பதறிருவீங்கன்னுதான் பரீட்சை மாதிரியே கம்முனு இருந்துட்டேன். பாஸுங்க, பாஸ்! எவன் உங்களைப் பயந்தவங்கன்னு சொன்னான்?"

ஜெபமலருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள்.

"தெரியுமுங்க சார். நீங்க தள்ளுனப்பவே இருமுச்சே. போன மாசம் நான் சொன்ன அதே இருமல்."

"பின்ன ஏனுங்க சொல்லலை?"

"நீங்க பதறிருவீங்கன்னுதானுங்க. காத்து எந்தப் பக்கம்னு எனக்கு மேலயே தெரியும். உங்களுக்கு ஒரு வேலை வேணுமேன்னுதான் புகையைப் பாக்கச் சொன்னேன்!"