நத்தை எண்ணிய நிறங்கள்

வேலியோரப் பாத்தியில் ஆறு அந்திமந்தாரைச் செடிகள் இருந்தன. ஒன்று சிவப்பு, இரண்டு வெள்ளை, மூன்று ரோஸ். மழை விட்ட ஒரு சாயங்காலம் அங்கே ஒரு நத்தை ஊர்ந்து வந்தது.

"எனக்குச் சின்ன வயிறு. எந்த நிறம் குறைச்சலோ அதை மட்டும் தின்னுட்டுப் போறேன்" என்றது.

சிவப்பிக்கு வேர் வரை நடுங்கியது. இருப்பதே அவள் ஒருத்திதான். சட்டென்று, "ரோஸ் மூணும் என் பிள்ளைங்க. அப்ப நாங்க நாலு பேர், வெள்ளச்சிங்க ரெண்டே பேர்!" என்றாள்.

மூத்த வெள்ளச்சி சிரித்தாள். "பிள்ளைங்க உனக்கு மட்டுமா பொறந்தாங்க? ஒவ்வொருத்திக்குள்ளயும் அம்மா தந்த நிறம் ஒண்ணு, அப்பா தந்த நிறம் ஒண்ணு. ரோஸுக்குள்ள உன்னுது ஒண்ணு, எங்களுது ஒண்ணு. நத்தையாரே, செடியை எண்ணாதீங்க, உள்ளே இருக்கிற நிறத்தை எண்ணுங்க."

நத்தை கொம்பை நீட்டி நீட்டி எண்ணியது. சிவப்பியிடம் இரண்டு சிவப்பு, ரோஸ்களிடம் ஆளுக்கொன்று, ஆக ஐந்து. வெள்ளச்சிகளிடம் ஆளுக்கு இரண்டு வெள்ளை, ரோஸ்களிடம் ஆளுக்கொன்று, ஆக ஏழு.

"சிவப்புதான் குறைச்சல்" என்று சிவப்பி பக்கம் திரும்பியது.

"ஐயையோ, என்னை மட்டும் ஏன் பார்க்கிறீங்க? இந்த ரோஸுங்ககிட்டயும் சிவப்பு இருக்கே, அங்கேயிருந்து ஆரம்பிங்க!"

"அம்மா, இப்பத்தானே எங்களைப் பிள்ளைங்கன்னு சொன்னீங்க?" என்று அலறின ரோஸ் செடிகள்.

"இல்லேன்னு யாருடி சொன்னா?" என்று இலைகளை இழுத்துப் போர்த்திக்கொண்டாள் சிவப்பி. "வீட்டுக்கு விருந்தாளி வந்தா, பிள்ளைங்கதானே முன்னால போய்க் கவனிக்கணும்?"