டம்ளர் சண்டை

காலை வெயில் விழுந்த சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அக்காவும் தம்பியும் ஒரு நீல டம்ளரை ஆளுக்கொரு பக்கமாக இழுக்கிறார்கள். டாக்டர் வாயிலேயே பெயர் நுழையாத நோய் இருவருக்கும். புது மருந்து தொடங்கி மாதங்கள் ஆகியும், கையில் எதைக் கொடுத்தாலும் நேற்றுவரை நழுவித்தான் விழுந்திருக்கிறது. இப்போது ஆறு வயது அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, பிடியை விடாமல் இருக்கிறாள். இன்னும் பேச்சு வராத தம்பி வீடே அதிரக் கத்துகிறான். தண்ணீர் சிந்துகிறது, டம்ளர் விழவில்லை. கரண்டியோடு ஓடிவந்த அப்பா விலக்கிவிடக் குனிகிறார். "தொட்டுடாதீங்க, அடிச்சுக்கட்டும்," என்கிறாள் அம்மா. கதவு தட்டப்படுகிறது. "என்னம்மா, ஒரே கூச்சலா இருக்கு?" என்று மாடிவீட்டு அத்தையின் குரல். அம்மா கதவை அகலத் திறந்து, மற்ற அம்மாக்கள் சலித்துக்கொள்ளக் கேட்டுக் கேட்டு, தனக்கும் வாய்க்காதா என்று ஏங்கிய அதே சலிப்புடன் சொல்கிறாள்: "என்னத்தச் சொல்ல அத்தை, எப்பப் பாரு சண்டைதான் இதுங்களுக்கு."