டிரைவரம்மாவுக்கு நேர்காணல்

டிரைவரம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். எதிரே நோட்டும் பேனாவுமாக ஓர் இளம்பெண்.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

“இருபது வருஷம் பஸ் ஓட்டினேன். வண்டியில ஒரு கீறல் விழவிட்டதில்லை.” சொல்லும்போதே முதுகு நிமிர்ந்தது.

“அப்புறம் ஏன் விட்டீங்க?”

“அம்மா படுத்த படுக்கையாயிட்டாங்க. ஏழு வருஷமா குளிப்பாட்டுறது, ஊட்டுறது எல்லாம் நான்தான்.”

“சலிப்பு வரலையா?”

“வராமலா? கத்திடுவேன். அப்புறம் நானே போய்த் தலை வாரி விடுவேன்.”

பேனா வேகமாக ஓடியது. “ரொம்பப் பிடிச்ச விஷயம்?”

“ஊர் சுத்துறது! பஸ் ஓட்டுன நாளெல்லாம் ரோட்டைத்தான் பார்த்தேன். இனிமே ஊரைப் பார்க்கணும்.”

இளம்பெண் நோட்டை மூடினாள்.

“நீங்க பொய் சொல்லலை. எனக்குப் பிடிச்சிருக்கு. நர்ஸா எந்த வீட்டுக்குப் போறதுன்னாலும் வீட்டுக்காரங்களை முதல்ல இப்படித்தான் விசாரிப்பேன். நாளையிலேர்ந்து உங்கம்மாவை நான் பாத்துக்கறேன். நீங்க எப்பக் கிளம்பறீங்க?”

டிரைவரம்மா வாயைத் திறக்குமுன் உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

“இன்னைக்கே அனுப்பிடும்மா! ஏழு வருஷமா பெட்டியை அடுக்கி அடுக்கிப் பிரிக்கிறா!”