காற்றில் விலகும் தோட்டா

“காத்துல நல்லா விலகிப் போற தோட்டா எது, தம்பி?”

டெல்மருக்குத் தன் காதுமேலேயே சந்தேகம். வயோமிங்கில் இருபது வருஷமாகத் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறான். இப்படி யாரும் கேட்டதில்லை.

“விலகாத தோட்டாதானே அக்கா கேக்கறீங்க?”

“விலகிப் போறதுதான். கொயோட் நரி சுடறதுக்கு.”

ஆர்லிஸுக்கு அறுபத்தெட்டு வயது. முந்நூறு ஆடு வைத்திருக்கும் பண்ணைக்காரி. குட்டி போடும் பருவம் தொடங்கி மூன்றே வாரத்தில் ஒன்பது குட்டிகளை நரி தூக்கிவிட்டது.

அடுப்போரம் ஓசிக் காபி குடித்துக்கொண்டிருந்த ராஸ்கோ சிரித்துவிட்டார். எந்தத் தோட்டா வாங்கலாம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் யோசனை சொல்வதுதான், ஓய்வுபெற்ற பிறகு அவருடைய வேலை.

“இந்த ஊர்க் காத்துக்குக் கனமான தோட்டாதான் நேராப் போகும், ஆர்லிஸ். லேசானது முந்நூறு கஜம் தாண்டினா ஒரு முழம் தள்ளிப் போயிடும்.”

“அப்ப அந்த லேசானதையே குடு, தம்பி.”

“நரிக்கு விருந்து வைக்கறதா இருந்தா சொல்லிட்டு வை. நாங்களும் வந்து கை நனைக்கறோம்” என்றபடி எழுந்தார் ராஸ்கோ. விஷயத்தைக் காபிக் கடையில் பரப்பும் அவசரம் அவருக்கு.

கதவு சாத்திக்கொண்டதும் ஆர்லிஸ் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க வீட்டுக்காரர் ஆர்விலுக்கு, போன வருஷத்துலேருந்து கை நடுங்குது. இந்த வட்டாரத்துலயே குறி தப்பாத மனுஷன். இப்ப சுட்டா ஒண்ணும் படறதில்ல. அன்னிக்கு ஒரு நரி கண்ணு முன்னாடியே தப்பிச்சுப் போச்சு. துப்பாக்கியைத் துடைச்சு அலமாரியில வச்சுட்டு, ‘என் காலம் முடிஞ்சுபோச்சு’ன்னு சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டாரு. ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல.”

“அதனால?”

“பழி தோட்டா மேல விழட்டும். கை மேல வேணாம்.”

டெல்மர் இருப்பதிலேயே லேசான தோட்டாப் பெட்டியை எடுத்து வைத்தான்.

“கனமானதுலயும் ஒரு பெட்டி குடு. அது எனக்கு. மதியம் அவர் கண்ணசந்ததும், நரியை நான் பார்த்துக்கறேன்.”

அடுத்த சனிக்கிழமை ஆர்வில் பெட்டியும் கையுமாகக் கடைக்குள் நுழைந்தார். பின்னால் ஆர்லிஸ். கடையில் ஆறேழு பேர். ராஸ்கோ வழக்கமான இடத்தில்.

“இதெல்லாம் ஒரு தோட்டாவா?” பெட்டியை மேஜைமேல் போட்டார். “காலையில நாலு சுட்டேன். நாலும் எந்த ஊருக்குப் போச்சோ தெரியல. இவளைக் கடைக்கு அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். தோட்டாவுக்கும் பட்டாணிக்கும் வித்தியாசம் தெரியாத பொம்பளை. நாப்பத்தஞ்சு வருஷம் என்கூட இருந்து என்னத்தைக் கத்துக்கிட்டா?”

“நான் அன்னிக்கே சொன்னேன்” என்றார் ராஸ்கோ.

கடையே சிரித்தது.

“தெரியாம வாங்கிட்டேன்” என்று முணுமுணுத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி வண்டிக்குப் போனாள் ஆர்லிஸ்.

டெல்மருக்கு உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் போலிருந்தது. அவளுக்காக அடக்கிக்கொண்டான்.

ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். ராஸ்கோவும் போனார். ஆர்வில் மட்டும் நின்றார்.

“டெல்மர், அடுத்த தடவை வந்தாலும் அவளுக்கு இதையே குடு.”

“இதையேவா? இத்தனை பேர் முன்னாடி அக்காவை அந்தத் திட்டு திட்டினீங்களே?”

ஆர்வில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வண்டிக்குள் உட்கார்ந்திருந்த ஆர்லிஸின் முகத்தில், வந்த காரியம் நல்லபடியாக முடிந்த நிம்மதி.

“என் கை எனக்குத் தெரியாதாப்பா? மதியம் அவ சுடற சத்தமும் என் காதுல விழத்தான் செய்யுது. நான் திட்டறதை நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவ கண்டுபிடிச்சுடுவா.”