மஞ்சள் கவுன், அத்திப்பழம்

"அக்காவுக்கு இத்தாலியில ஒரு பையன் மாட்டிட்டான்மா" என்றான் டினோ, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"உளறாதடா" என்றாள் மிரெல்லா.

"உளறலா? தெனம் காலையில ஸ்கூலுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி கீழ்ச் சமையலறைக்குப் போயிக் கதவச் சாத்திக்கிறா. இத்தாலியத்துல ஒரே பேச்சு. நான் எட்டிப் பாத்தா 'போடா எருமை'ன்னு வெரட்டுறா. இப்பவும் அங்கதான் இருக்கா."

டினோவுக்குப் பதின்மூன்று வயது. அவன் அக்கா அலெசியாவுக்குப் பதினேழு. கனடாவின் ஹாமில்டனில் பனி உருகத் தொடங்கியதிலிருந்தே அந்த வீட்டில் ஜூலை மாத இத்தாலிப் பயணம்தான் பேச்சு.

அப்பா ரெனாட்டோவுக்கு ரோம். அலெசியாவுக்கு வெனிஸ். டினோவுக்கு மிலானில் கால்பந்து மைதானம். மிரெல்லா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ரொக்காவெர்னாவில் மூன்று நாள். அது அவள் அப்பாவின் மலையூர். ஒன்பது வயதில் ஒரே ஒரு கோடை விடுமுறைக்கு அங்கே போயிருக்கிறாள்.

"மூணு நாளா? அங்க என்னம்மா இருக்கு? ஆடு மேய்க்கவா?" என்று அலெசியா, அம்மா கேட்ட அன்றைக்கே முகம் சுளித்தாள்.

"அசுந்தா அத்தை இருக்காங்கடி. நான் ஊர்த் தொட்டியில விழுந்தப்ப..."

"மஞ்சள் கவுன்!" என்றான் டினோ.

"நனைஞ்ச ஷூவ அடுப்புல காய வெச்சாங்க!" இது அலெசியா.

"அழாம இருக்க அத்திப்பழம் குடுத்தாங்க!" என்று ரெனாட்டோவும் சேர்ந்துகொண்டான்.

மூவரும் சிரித்தார்கள். மிரெல்லாவும் சிரித்தாள்.

"சிரிங்க, சிரிங்க. எங்கப்பா போனதுக்கப்புறம் என்னைச் செல்லமா 'மிரெல்லூச்சா'ன்னு கூப்பிட இந்த உலகத்துல அவங்க ஒருத்தங்கதான் பாக்கி."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

மிரெல்லாவுக்கு இத்தாலியம் கேட்டால் புரியும். பேச வாய் வராது. அதனால் பள்ளியில் அதைப் பாடமாகப் படிக்கும் அலெசியாதான் போன மாதம் அத்தைக்குப் போன் செய்தாள். வெகுநேரம் பேசினாள். வைத்ததும், "வரச் சொல்றாங்கம்மா. கட்டில் தயாராம்" என்றாள்.

"அவ்வளவுதானா? என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலியா?"

"அவ்வளவுதாம்மா" என்று, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மாடிக்குப் போய்விட்டாள்.

இத்தனை நேரம் பேசியதை ஒரு வரியில் முடித்துவிட்டாளே என்று மிரெல்லாவுக்கு மனம் சுருங்கியது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு யாரைப் பற்றி என்ன அக்கறை!

ஆனால் நேற்று, "ஊருக்கு ஒரு நாள் போதுமே" என்று ரெனாட்டோ இழுத்தபோது, மேசையைத் தட்டியது அலெசியாதான். "மூணு நாள்ப்பா. கொறைக்கவே கூடாது!"

இப்போது டினோ சொன்னதோடு அதைச் சேர்த்துப் பார்த்தாள். பையன் அந்த ஊர்க்காரனாகத்தான் இருக்கவேண்டும். மிரெல்லா எழுந்தாள்.

"எங்க போற?" என்றான் ரெனாட்டோ.

"கீழ. தக்காளி பாட்டில் எடுக்க."

"காலங்காத்தால தக்காளியா?"

சத்தமில்லாமல் படியிறங்கினாள். இன்றைக்கு அந்தப் போனைப் பிடுங்கிவிடுவது என்ற முடிவோடு கதவில் கை வைத்தாள்.

உள்ளே அலெசியா நிறுத்தி நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல் பேசிக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் என்கிட்ட 'எந்த மிரெல்லா?'ன்னு கேட்டீங்கல்ல, அந்த மாதிரி நேர்ல கேட்டுடாதீங்க. எங்கம்மா தாங்க மாட்டாங்க."

மிரெல்லாவின் கை அப்படியே நின்றது.

"ஒண்ணும் மனசுல நிக்க மாட்டேங்குதே கண்ணு." ஸ்பீக்கரில் கிழக்குரல் ஒன்று.

"பரவால்ல அத்தைப்பாட்டி. முதல்லேர்ந்து சொல்லலாம். அம்மா போட்டிருந்த கவுன் என்ன கலரு?"

"மஞ்ச."

"எங்க விழுந்தாங்க?"

"தொட்டியில."

"ஷூவ என்ன பண்ணீங்க?"

"அடுப்புல... அடுப்புல வெச்சேன்."

"எங்கம்மாவ என்னன்னு கூப்பிடுவீங்க?"

கொஞ்சம் தாமதமாக வந்தது. "மிரெல்லூச்சா."

"சூப்பர்!"

மிரெல்லா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் அந்த ஊரில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிய ஒன்றை, தன் மகள் ஒரு பாடம்போல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அங்கே தன்னுடையது என்று எதுவுமில்லை.

"கடைசிக் கேள்வி. சாப்பிட என்ன குடுத்தீங்க? அ... அத்தி..."

அந்தக் கிழக்குரல் சிரித்தது.

"அத்திப்பழமா? யாருடி சொன்னா?"

"அம்மாதான்."

"அது அவ அப்பன்கிட்ட சொல்லச் சொல்லி நான் சொல்லிக்குடுத்த பொய்யாச்சே! நான் குடுத்தது ஒயின் சாடியில ஊறப்போட்ட பீச் பழம். அள்ளி அள்ளித் தின்னுட்டு, சாயங்காலம் வரைக்கும் என் மடியில தூங்குச்சே அந்தக் குட்டிக் கழுதை!"

"ஐயோ, இல்ல அத்தைப்பாட்டி" என்று பொறுமையாகத் திருத்தினாள் அலெசியா. "அத்திப்பழம். இப்படித் தப்பா சொன்னீங்கன்னா அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க."

படியில் மிரெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பீச் பழத்தைப் பற்றி அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.